ஓடுபாதை மட்டும் போதுமா?

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தைப் பூகம்பம் உலுக்கியது. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். காத்மாண்டு விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதை பிழைத்தது. கூடாரமும் மருந்தும் உணவும் ஏற்றிய விமானங்கள் பல நாடுகளிலிருந்து வந்திறங்கின. கோர்க்காவிலும் சிந்துபால்சௌக்கிலும் வீடிழந்த மலைவாசிகளின் கைக்கு அவை உடனே எட்டினவா? இல்லை! விமான நிலையத்திலேயே மலைபோல் குவிந்து கிடந்தன.

ஏன்? மண் சரிந்து சாலைகள் அடைபட்டன. லாரிகள் போதவில்லை. டிரைவர்களில் பலர் தங்கள் குடும்பத்தைப் பார்க்கக் கிராமத்துக்குப் போய்விட்டனர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இடிந்தது அவர்கள் வீடும்தானே! ஆனால் சுங்க அதிகாரிகள்? ஜனங்கள் வெட்டவெளியில் கிடக்கையில் இவர்கள் மூட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சோதனையைத் தளர்த்துங்கள் என்று ஐ.நா. அதிகாரியே வற்புறுத்த வேண்டியதாயிற்று. போதாததற்கு, கனத்த விமானங்கள் இறங்கி இறங்கி ஓடுபாதையும் பழுதுபட்டது. மே 3 அன்று, 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கத் தடை விதிக்கப்பட்டது.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்டிங் நின்றால் ஸ்பின்னிங் எத்தனை நேரம் ஓடும்?

1934-லும் அந்த மண் இப்படிக் குலுங்கியது, இனியும் குலுங்கும். விமான நிலையத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் சர்க்கார்கள், அதே கணக்கில் மலைச் சாலைக்கும் மின்கம்பிக்கும் லாரி டிரைவர் வீட்டுச் சுவருக்கும் ஒதுக்க வேண்டுமென்று கோருகிறோம்.