காதல் கதைக்குள் குடும்ப வன்முறை

காதல் புதினம் என்றாலே வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் பலர். அமெரிக்க எழுத்தாளர் காலின் ஹூவர் 2016-இல் வெளியிட்ட 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' என்னும் புதினத்தை அப்படி ஒதுக்க முடியாது. அது குடும்ப வன்முறையைப் பேசுகிறது. போஸ்டன் நகரில் பூக்கடை நடத்தும் லில்லி, அறுவை மருத்துவரான ரைலை விரும்பி மணக்கிறாள். சினம் தலைக்கேறினால் அவன் கைநீட்டுகிறான். பிறகு மன்னிப்புக் கேட்கிறான். தந்தையிடம் அடிவாங்கிய தாயைப் பார்த்து வளர்ந்தவள் லில்லி. தாய் ஏன் பிரிந்து செல்லவில்லை என்று கோபப்பட்டவள், தனக்கும் அதே நிலை வந்ததும் தடுமாறுகிறாள்.

அந்தத் தடுமாற்றமே புதினத்தின் உயிர். அடிபட்ட பெண் உடனே வெளியேறாதது கோழைத்தனம் அன்று என்பதை ஹூவர் நன்றாகவே உணர்த்துகிறார். மகள் பிறந்த பிறகு லில்லி மணவிலக்குக் கேட்கிறாள்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ரைலின் அழகும் இளவயதுத் துயரமும் திரும்பத் திரும்பப் பேசப்படுவதால், அவனது கொடுமை வாசகரின் இரக்கத்தில் கரைந்துபோகிறது. பொறாமையை அன்பின் அளவுகோலாக நினைக்கும் இளையோர் இங்கே எளிதில் ஏமாறுவர். இதை விற்க நினைத்த விதமோ இன்னும் மோசம். 2023-இல் இக்கதையையொட்டி வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று அறிவிக்கப்பட்டது. எந்தக் காட்சிக்கு வண்ணம் தீட்டச் சொல்வார்களோ! வாசகர்கள் கண்டித்தனர். ஹூவர் தவற்றை ஒப்புக்கொண்டார்; அந்தப் புத்தகம் கைவிடப்பட்டது.