தோட்டத்தை ஈடு வைக்கும் முன்

"ஏனுங்க தம்பி, பையன் மெக்கானிக்கல் முடிச்சிட்டானுங்க. அமெரிக்காவுல போய்க் கம்ப்யூட்டர்தான் படிக்கோணும்னு ஏஜெண்டு சொல்றாருங்க. தோட்டத்தை ஈடு வெக்கலாமுங்களா?"

ஆனைகட்டி பஸ் நிறுத்தத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். எல்லை கடந்து வந்து, உழைத்து, நாலு காசு சேர்த்த நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று இதே கேள்விதான். எந்த நாடு, எவ்வளவு சம்பளம் என்று விசாரிக்கிறோம். பையன் நான்கு ஆண்டுகள் என்ன படித்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

மேற்படிப்பு, படித்த படிப்பின்மேல் நிற்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு ஓராண்டுப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் இளநிலையில் எந்தப் பாடத்தை எவ்வளவு படித்தான் என்று கணக்குப் பார்த்தே இடம் தருகிறார்கள். மெக்கானிக்கல்காரனுக்கு அங்கே கம்ப்யூட்டர் பிரிவு கிடைப்பது அரிது. வாகனப் பொறியியல், எரிசக்தி போன்ற பிரிவுகளுக்கு அவன் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்காவில், விடுபட்ட பாடங்களைச் சேர்த்துப் படிக்கச் சொல்லி இடம் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆனால் விண்ணப்பம் போட்டுப் பட்டம் வாங்க மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். 2021இல் ஆட்களைத் தேடித் தேடிச் சேர்த்த கம்ப்யூட்டர் கம்பெனிகள், 2022 இறுதியிலும் 2023இலும் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பின. அன்றைய மவுசை நம்பி விமானம் ஏறியவர்களின் கடன் மட்டும் குறையவில்லை.

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையை எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தது உலோகவியல். ஸ்டான்ஃபோர்டில் மேற்பட்டம் பெற்றது அதையொட்டிய பொருளறிவியலில். கூகுள் பிறகு வந்தது. தம் விமானச் சீட்டுக்குத் தந்தை ஓராண்டுச் சம்பளத்தைச் செலவழித்ததாக அவரே 2020இல் சொன்னார். அந்தத் தந்தையின் நிலை நமக்குப் புரியாததல்ல.

பையனுக்குக் கம்ப்யூட்டரில்தான் உண்மையான நாட்டம் என்றால் தடுக்க வேண்டாம். ஓராண்டு கோவையிலோ கொச்சியிலோ அந்த வேலையைப் பார்த்துத் தன்னைச் சோதித்துக்கொள்ளட்டும். பிறகு போகட்டும்.

பல ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் தருவது வெளிநாட்டுக் கல்லூரிகளே. பாடம் நடத்திய பேராசிரியருக்கு அப்படி ஒரு லாபமும் இல்லை. பெரியவரிடம் நான் சொன்னது இதுதான்: "பத்திரம் பெட்டியிலயே இருக்கட்டுங்க. மொதல்ல பையனோட மார்க் பட்டியலை எடுத்துக்கிட்டு அவங்க வாத்தியாரைப் போய்ப் பாருங்க."