ஓடாமல் நிற்பதும் நிற்காமல் ஓடுவதும்

ஐம்பது வயதைக் கடந்துவிட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி வரை போய்வரப் போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது கிடைத்த அறிவுரைகள் இரண்டு வகைப்பட்டவை. பழைய கார்களோடு புழங்குகிறவர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொன்னார்கள்: எலக்ட்ரானிக் இக்னிஷன், மின்விசிறி, ஐந்து கியர் பெட்டி, அலுமினிய ரேடியேட்டர். இலக்கிய நண்பர்களோ எதையும் மாற்றாதீர்கள் என்றார்கள். வழியில் நின்றுபோகாத பயணம் பயணமே அல்ல என்பது அவர்கள் கட்சி. இரு தரப்பும் தவறு என்றே எங்களுக்குப் படுகிறது. இரண்டாம் தரப்பின் தவறு ஆபத்தானதும்கூட.

வண்டி 1970-ஆம் ஆண்டு எம்ஜிபி. இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான மாதிரி. இருவர் அமரலாம், மடக்கக்கூடிய துணிக்கூரை, 1798 சிசி எஞ்சின். தமிழ் வாசகருக்கு இந்த எஞ்சின் முற்றிலும் அந்நியமானதல்ல. அம்பாசிடரில் பல்லாண்டுகள் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதுவும் 'பி சீரிஸ்' என்ற ஒரே குடும்பத்தில் பிறந்தவை. சென்னை சென்ட்ரல் வாசலில் வரிசையாக நின்ற கறுப்பு மஞ்சள் டாக்சியும், இங்கிலாந்துக் கிராமச் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் இந்தச் சிவப்புப் பொம்மையும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். 2014-இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது இந்தியப் பத்திரிகைகள் எழுதிய அஞ்சலிகளில் இந்த உறவைப் போதிய அளவு சொல்லவில்லை என்ற மனக்குறை எங்களுக்கு உண்டு. போகட்டும்.

ஒரு வண்டிக்கு நேரக்கூடிய கோளாறுகள் எத்தனையோ. ஆனால் அவற்றை இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். வண்டி ஓடாமல் நின்றுவிடுவது ஒன்று. நிற்காமல் ஓடுவது மற்றொன்று. டயர் வெடிப்பதையும் தீப்பிடிப்பதையும் இரண்டாவதோடு சேர்த்துக்கொள்கிறோம். முதல் வகைக் கோளாறால் ஒரு மாலைப்பொழுது கெடும், விடுதி முன்பதிவு வீணாகும், கைகள் கறுப்பாகும். இரண்டாவதற்கு ஆளாகிறவர்கள் அதைப்பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை. பயண ஆயத்தம் என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி முதல் வகையைத் தவிர்க்கச் செலவாகிறது. காரணம் எளிது. வழியில் நிற்பது நம் மானத்தைப் பாதிக்கிறது.

பிரிட்டனில் இந்த மயக்கத்துக்குச் சட்டமும் துணைபோகிறது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய, பெரும் மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இவை குறைவாகவே ஓடுகின்றன, உரிமையாளர்கள் நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். குறைவாக ஓடுவதுதான் இவற்றின் நோய் என்பது எங்கள் அனுபவம். ஓடுகிற வண்டி தேய்கிறது. தேய்மானத்தைக் காதால் கேட்டுவிடலாம், ஸ்டியரிங்கில் உணர்ந்துவிடலாம். கொட்டகையில் நிற்கிற வண்டியோ சத்தமில்லாமல் மூப்படைகிறது. ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது. பெயிண்ட் மட்டும் பளபளக்கிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும் நாங்கள் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனோம். இத்தகைய காரோடு வெளிநாடு செல்லும் எவரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை வற்புறுத்தியே சொல்கிறோம். அரசு தந்த சலுகை சோதனையிலிருந்துதான். ஓட்டத் தகுதியான நிலையில் வண்டியை வைத்திருக்கும் பொறுப்பிலிருந்து யாருக்கும் விலக்கில்லை.

சோதனையில் வண்டி தேறியது. அதற்குப் பின் நடந்ததே முக்கியம். ஒரு சனிக்கிழமை எங்களில் ஒருவர் பிரேக் பெடலை அழுத்தி மிதிக்க, மற்றவர் அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தபோது, பின் அச்சுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஓரிடத்தில் தவளைக் கழுத்துபோல உப்பி அடங்கியது. வெளியிலிருந்து பார்க்க ஒரு குறையும் தெரியாது. பெடலை விட்டதும் பழையபடி ஒழுங்காகிவிடும். நாலைந்து முறை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அடியிலிருந்தவர் எழுந்து வந்தார். அன்று மேற்கொண்டு வேலை நடக்கவில்லை.

அது ஏன் அவ்வளவு கலக்கியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இக்காலக் கார்களில் பிரேக் எண்ணெய் இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் ஓடுகிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பாதி வண்டியையாவது பிடிக்கும். எங்கள் 1970 வண்டியில் ஒரே சுற்று. முன்சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின் அச்சுக்கு ஒன்று என மூன்று ரப்பர் ஹோஸ்கள்; அவற்றில் எது வெடித்தாலும் நான்கு சக்கரங்களும் கைவிட்டுவிடும். மிஞ்சுவது கைப்பிரேக்கின் கம்பி மட்டுமே. நாங்கள் போக நினைத்த இடமோ ஸ்டெல்வியோ கணவாய். அன்றைய ஆஸ்திரியப் பேரரசு 1820-களில் பொறியாளர் கார்லோ டோனெகானியைக் கொண்டு அமைத்த பாதை. உயரம் 2757 மீட்டர். வடக்கே பிராட்டோ கிராமத்துப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் எழுபதைக் கண்டவர்கள் சிரிக்கலாம். ஆனால் இங்கே சுமார் 25 கிலோமீட்டருக்குள் 1,800 மீட்டர் இறங்கியாக வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் ஏறத்தாழ நின்று திரும்ப வேண்டும். பிரேக்கில் பிறக்கும் வெப்பம் எண்ணெய்க்கும் போகிறது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும், ஆவி அழுந்தக்கூடியது, பெடல் தரைவரை போகும், வண்டி போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே மூன்று ஹோஸ்களும் புதியன, எண்ணெயும் புதியது. ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில்தான் இறங்குவது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நம் ஊர் மலைப்பாதை ஓட்டுநர்களுக்கு இது பாலபாடம்.

டயர்களின் கதையும் இதுவே. காடிகள் ஆழமாக இருந்தன. பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைப் படித்தோம்: முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை. எங்கள் டயர்கள் பதினான்கு ஆண்டுக்கு முந்தியவை. லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து ஆண்டு கடந்த டயர்களை பிரிட்டன் 2021 பிப்ரவரியில் தடைசெய்தது. கார்களுக்கு அத்தடை இல்லை என்பதற்காக ரப்பர் கார்களிடம் கருணை காட்டப்போவதில்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் விடைபெற்றது. அதற்கேற்ப வால்வு இருக்கைகளை முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்தார், அந்த மட்டில் நன்றி. பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண ரகமாகிவிட்டது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் அதற்கு முன்பே வந்துவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் உள்ளிருந்து அரிக்கிறது. எம்ஜிபியில் கார்புரேட்டர்களும் புகைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே கசிந்தால் கீழே எங்கே சொட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான். இவ்வளவும் சேர்த்து ஆன செலவு, எங்களுக்குச் சிபாரிசு செய்யப்பட்ட ஐந்து கியர் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்கு.

இனி, மாற்றாதவை. இங்கேதான் எங்கள் இருவருக்குள்ளும் பூசல் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம் பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் பெட்டி பொருத்தினால் தேய்மானம் கிடையாது, அடிக்கடி இடைவெளி பார்க்க வேண்டியதில்லை என்பது ஒருவர் வாதம். உண்மைதான். ஆனால் பாயிண்ட் கெடுவதற்கு முன் அடையாளம் காட்டும். ஒரு சிறு அரம், அளவுத் தகடு, ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் சாலையோரத்தில் அரைமணியில் சரியாகும். இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர், அவ்வளவே. பெட்டி வேலை செய்யும், அல்லது செய்யாது. அதனோடு பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் பாயிண்டே இருக்கட்டும் என்றானது. உதிரியாக எடுத்துச்செல்லும் கண்டென்சரும் ரோட்டரும் இதுவரை பழுதின்றி ஓடிய பழையவை. இன்று விற்பனையாகும் புதியவற்றில் சில ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்குவதில்லை. புதியது என்ற ஒரே தகுதியால் ஒரு பாகத்தை நம்புவது, புதுப்பதிப்பு என்பதால் பிழை இருக்காது என்று நம்புவதைப் போன்றது.

இலக்கிய நண்பர்களின் கட்சிக்கு வருவோம். அவர்கள் காட்டும் மேற்கோள் பெரும்பாலும் நிக்கொலா புவியே. 1953-இல் ஒரு சிறு ஃபியட் டோபோலினோவில் ஜெனீவாவிலிருந்து புறப்பட்டு, பெல்கிரேடில் ஓவியர் தியெரி வெர்னேயைச் சேர்த்துக்கொண்டு கைபர் கணவாய் வரை போனவர். பிறகு தனியாக இந்தியா வழியே இலங்கைக்கு வந்து காலியில் பல மாதங்கள் நோயோடு கிடந்தவர். 1963-இல் வெளிவந்த 'லூசாஜ் து மோந்த்' பயண இலக்கியத்தின் சிகரங்களில் ஒன்று என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. பனியால் தப்ரீஸில் ஒரு குளிர்காலம், பழுதுபார்ப்புக்காக குவெட்டாவில் வாரக்கணக்கில் என்று, நின்றுபோன நாட்களே அந்நூலுக்கு உயிர். ஆனால் அவர்கள் நின்ற இடங்களில் கொல்லர்கள் இருந்தார்கள், பட்டறைகள் இருந்தன, உடைந்ததை அடித்து ஒட்டிக் கொடுக்கும் கைகள் இருந்தன. எங்கள் பாதையில் உள்ள பட்டறைகள் காரில் கணினியைச் செருகிப் படிப்பவை. செருகத் துளையில்லாத வண்டியைக் கண்டால் இளைஞர்கள் அன்போடு படம் எடுத்துக்கொண்டு, ஏற்றிச்செல்லும் லாரியை அழைத்துத் தருவார்கள். வண்டியோடு பயணி லாரியில் திரும்பினால் அதில் இலக்கியம் ஒன்றும் இல்லை. புவியேயின் நிதானத்தை விரும்புகிறவர் அந்தக் கொல்லரின் வேலையில் சிறிதளவாவது தாமே கற்றுக்கொள்ள வேண்டும். கடந்த ஆறு மாதமாக எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அதில்தான் போயின.

வெப்பத்தைப் பற்றிச் சில சொற்கள். ஸ்டெல்வியோ உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் அதைத் தடுப்பது மூடி தரும் அழுத்தம். மூடி மிக மலிவு; மாற்றிவிட்டோம். முள் சிவப்பை நெருங்கினால் கூரையைத் திறந்து ஹீட்டரை முழுதாக வைப்பது, எஞ்சினின் வெப்பத்தைக் காலடியில் வாங்கிக்கொள்வது. கோடையில் இது தவம்தான், ஆனால் பலிக்கும். காற்று மெலிந்த மேட்டில் எஞ்சின் தன் வலுவில் கால் பங்கை இழக்கும், பெட்ரோல் கலவை கெட்டியாகும். கார்புரேட்டரின் அடியிலுள்ள நட்டைக் கொஞ்சம் திருகிக்கொள்ளலாம், இறங்கியதும் மறக்காமல் திருப்பி வைக்க வேண்டும்.

காகிதங்கள் தொல்லையில்லை: பதிவுச் சான்று, காப்பீடு, 2021 முதல் பழைய ஜிபிக்குப் பதிலாக வந்த யூகே வில்லை, முக்கோணப் பலகை, ஒளிரும் மேல்சட்டைகள், இடப்பக்கம் சாயும் முகப்பு விளக்குக்கு ஒட்டுத்தாள். இத்தாலிய நகரங்களின் தடைசெய்யப்பட்ட மையப்பகுதிகளுக்குள் தெரியாமல் நுழைந்தால் அபராதம் வீடு தேடி வரும் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டியது.

புறப்பாடு செப்டம்பர் இரண்டாம் வாரம். அதற்குள் ஐந்நூறு கிலோமீட்டராவது உள்ளூரிலேயே ஓட்டிவிடுவது. கிளம்புவதற்கு முந்தைய நாள் எதையும் கழற்றுவதில்லை. டிக்கியில் கருவிப் பை, ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், இரண்டு லிட்டர் தண்ணீர் எல்லாம் ஏறியாயிற்று. கூடவே ஒரு பழைய வேட்டித்துண்டும். எங்களில் ஒருவர் சிறுவயதில் கொடைக்கானல் மலைப்பாதையில், பானெட்டைத் திறந்து அம்பாசிடரின் பெட்ரோல் பம்ப் மேல் ஓட்டுநர் ஈரத்துணி சுற்றியதைப் பார்த்திருக்கிறார். எம்ஜிபியில் பம்ப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எஞ்சின் வெப்பம் அங்கே எட்டாது, இந்தத் துண்டால் பயனில்லை என்று மற்றவர் பலமுறை விளக்கிவிட்டார். துண்டு டிக்கியிலேயே இருக்கிறது.