சந்தைக்குப் போய்வர மின்சார ஸ்கூட்டர்

கேள்வி: தினமும் காய்கறி ஏற்றி, நகரச் சந்தைக்கு 30 கி.மீ. போய்வர மின்சார ஸ்கூட்டர் ஏற்றதா? பம்புசெட் இணைப்பில் சார்ஜ் போடலாமா?

பதில்: ஏற்றதுதான். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இந்தத் தூரத்துக்கு 65 ரூபாய்க்கு மேல் ஆகும். மின்சார ஸ்கூட்டருக்கு ஒன்றரை யூனிட் போதும். சுமை ஏற்றினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். ஆகவே தேவையைப்போல் இருமடங்கு ஓடும் வண்டியை வாங்கவும். 25 கி.மீ. வேகத்துக்குள் ஓடும் 250 வாட் வண்டிக்குப் பதிவும் உரிமமும் வேண்டாம். ஆனால் மூட்டையோடு மேடு ஏறத் திணறும்.

இலவச விவசாய மின்சாரம் விவசாயத் தேவைக்கு மட்டுமே. அதில் சார்ஜ் போட்டால் அபராதம் விழும். வீட்டு இணைப்பில், எர்த் உள்ள பிளக்கில், வைக்கோல் போருக்குத் தள்ளியே சார்ஜ் போடவும்.