கொல்லைப்புற விளக்கு: வெளிச்சம் எங்கே விழுகிறது?

எங்கள் சிவகிரியில் மேற்குத் தொடர்ச்சி மலை வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிற மாதிரி இருக்கும். அந்தி சாய்ந்தால் கொல்லைப்புறத்தில் கால் வைக்கப் பயம். கட்டுவிரியன் இரவில்தானே நடமாடுகிறது! "பெரிய லைட்டாத்தான் மாட்டியிருக்கு மதினி, ஆனாலும் துவைக்கிற கல்லுப் பக்கம் ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். இந்தக் குறை உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

கடையில் நாம் கேட்பது, "எத்தனை வாட்?" வாட் என்பது விளக்கு இழுக்கும் கரண்ட். அது தரும் வெளிச்சத்துக்குக் கணக்கு 'லூமென்'. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700, 800 லூமென் தந்தது. இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பே அதைத் தந்துவிடுகிறது.

அடுத்தது, வெளிச்சம் விரியும் கோணம். ஒரு கரண்டி மாவை ஊத்தப்பமாகவும் ஊற்றலாம், மெல்லிய தோசையாகவும் தேய்க்கலாம் இல்லையா? அதே கதைதான். 10 அடி உயரத்திலிருந்து நேர்கீழே அடிக்கும் 30 டிகிரி விளக்கு, தரையில் சுமார் ஐந்தரை அடி அகலத்துக்கு வட்டம் போடும். 60 டிகிரி என்றால் பதினொன்றரை அடி. லூமென் ஒன்றேதான், ஆனால் பரப்பு நாலு மடங்குக்கு மேல் கூடுவதால் வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தூரமும் அப்படித்தான், இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் கால்பங்கு. ஆகவே படிக்கட்டு, கிணற்றடிக்குக் குறுகிய கோணம். முற்றம் முழுதுக்கும் அகன்ற கோணம்.

இன்னும் சில குறிப்புகள்:

* வீட்டுச் சுவரில் ஒரே விளக்கு இருந்தால், கல்லை நோக்கி நடக்கும்போது உங்கள் நிழலே முன்னால் விழும். பெரிய விளக்கு ஒன்றைவிட, இரு பக்கமும் சின்ன விளக்கு இரண்டு மேல்.

* கண்ணுக்கு நேரே அடிக்கும் விளக்கில் கண் கூசி, பக்கத்து இருட்டு இன்னும் கறுத்துத் தெரியும். மூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள்.

* 3000 கெல்வின் மஞ்சள் ஒளிக்கு, 6500 வெள்ளை ஒளியைவிடப் பூச்சிகள் குறைவாக வரும். பூச்சி வந்தால் தவளை வரும். தவளையைத் தேடி அதுவும் வரலாம்!

* சாரலில் நனையும் இடத்துக்கு 'ஐ.பி. 65' முத்திரை உள்ளதை வாங்கி, எலக்ட்ரீஷியனை விட்டே மாட்டச் சொல்லுங்கள்.

ஆணி அடிக்கும் முன் ஓர் இரவு யாரையாவது விளக்கைப் பிடிக்கச் சொல்லி, குழந்தை நடக்கும் வழியில் நீங்களே நடந்து பாருங்கள். கால் வைக்கும் இடம் தெரிகிறதா? அதுதான் சரியான இடம். அப்புறமும், கையில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.