ஏவலுக்கும் எல்லை வேண்டும்: சேவையகப் பாதுகாப்பில் நிலவும் ஒரு தவறான நோக்கு

கணினிச் சேவையகங்களை அமைப்போரிடையே ஓர் அறிவுரை வாய்மொழி மரபுபோலக் கைமாறி வருகின்றது. லினக்ஸ் பணிசெயல் முறைமையில் நிறுவப்பட்ட வலையமைப்புச் சேவை ஒன்று இயங்க மறுக்குமாயின், மறுப்பின் காரணத்தை ஆராயவேண்டியதில்லை, ‘எஸ்.ஈ. லினக்ஸ்’ எனப்படும் பாதுகாப்பு ஏற்பாட்டை நிறுத்திவிட்டாற் போதும் என்பதே அவ்வறிவுரை. ‘செற்என்போஸ் 0’ என்ற ஒரு கட்டளை தட்டச்சிடப்படுகின்றது. சேவை இயங்கத் தொடங்குகின்றது. அமைத்தவர் எழுந்து தேநீர் அருந்தச் செல்கின்றார். இவ்வறிவுரை அனுபவத்தின் முதிர்ச்சியாகவே பலராலும் கொள்ளப்படுகின்றது. அஃது அனுபவமன்று, அசிரத்தையே என்பதை நிறுவுதலும், அதற்குத் துணையாக முன்வைக்கப்படும் வாதங்களை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனைக் கணினித்துறையினரின் உள்வீட்டு விவகாரமெனக் கலைப்பீடத்தினர் ஒதுக்கிவிடுதல் கூடாது. இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் சேவையகத்திலே பரீட்சைப் புள்ளிகள் உள்ளன. புலமைப்பரிசில் பெறுவோரின் வங்கிக் கணக்கு இலக்கங்கள் உள்ளன. மருத்துவச் சான்றிதழ்கள் உள்ளன. பகிடிவதைக்கு எதிராக முறையிட்ட முதலாம் வருட மாணவி ஒருத்தியின் பெயரும் இருக்கக்கூடும். அவள் அச்சேவையகத்தைக் கண்டவளல்லள். அதில் எதை நிறுத்தலாம் என்று அவளைக் கேட்டவருமிலர். ஆயினும் ‘நிறுத்திவிடுக’ என்னும் அறிவுரையின் விலையைச் செலுத்த நேர்வது அறிவுரை கூறியவர்க்கன்று, அவளுக்கே. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆக்கப்பட்டமை, இத்தகைய தரவுகளை வைத்திருப்போர்க்கு அவற்றின்மீது உரிமை மட்டுமன்றிக் கடப்பாடும் உண்டு என்பதை உணர்த்தும்.

பிரச்சினையின் அடிப்படையை முதலில் நோக்குதல் வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளிலே தொன்றுதொட்டு வழங்குவது தற்றுணிபு அணுகற் கட்டுப்பாடு ஆகும். ஒரு கோப்பினை யார் வாசிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்பதை அதன் உடைமையாளரே தம் தற்றுணிபின்படி தீர்மானிக்கின்றார். ‘றூட்’ எனப்படும் தலைமைப் பயனருக்கோ இவ்வரையறைகளும் இல்லை. இம்முறையில் ஒரு நிரல், தன்னை இயக்குபவரின் உரிமைகள் அனைத்தையும் தானும் பெற்றுவிடுகின்றது. அந்நிரல் எவ்வேலைக்கென ஆக்கப்பட்டது என்ற வினா எழுவதேயில்லை.

கட்டாய அணுகற் கட்டுப்பாடு அவ்வினாவையே முதன்மைப்படுத்துகின்றது. எஸ்.ஈ. லினக்ஸில் ஒவ்வொரு செயன்முறைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை இடப்படுகின்றது. எம்முத்திரையுடைய செயன்முறை எம்முத்திரையுடைய பொருளை என்ன செய்யலாம் என்பது, முறைமை முழுமைக்குமான விதித்தொகுதி ஒன்றிலே வரையறுக்கப்படுகின்றது. விதியில் இல்லாதது மறுக்கப்படுகின்றது. பணிசெயல் முறைமையின் கருவாகிய ‘கேர்னல்’ இம்மறுப்பை நடைமுறைப்படுத்துகின்றது. கோப்பின் உடைமையாளர் விரும்பினும் இதனை நீக்கவியலாது. எல்லை வகுக்கப்பட்ட செயன்முறை றூட் உரிமையுடன் இயங்கினும் அதற்கு விலக்கில்லை. பழைய முறை கைவிடப்படுவதுமில்லை. இரண்டும் இசைந்தாலன்றி அனுமதி கிடையாது.

இணையப் பக்கங்களை வழங்கும் ‘அப்பாச்சி’ சேவை நிரல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். குறித்தவோர் அடைவிலுள்ள பக்கங்களை வாசித்துக் கேட்டவர்க்கு அனுப்புதலே அதன் பணி. தற்றுணிபு முறை மட்டும் உள்ளவிடத்து அந்நிரல் பிறர் கைப்படுமாயின், எவரும் வாசிக்கலாம் என விடப்பட்ட கோப்புகள் அனைத்தையும் அது வாசிக்கும். வெளியிலுள்ள எக்கணினியையும் தானாக அழைக்கும். எஸ்.ஈ. லினக்ஸின் வழமையான விதித்தொகுதியிலோ அது பயனர்களின் வீட்டு அடைவுகளுட் புகவியலாது. தான் வழங்கும் பக்கங்களைத் தானே திருத்தி எழுதவியலாது. விரும்பியவாறு வெளியே தொடர்பு கொள்ளவுமியலாது. இவற்றுள் ஒன்று உண்மையிலேயே தேவைப்படின், நிர்வாகி அதனை மட்டும் பெயர்குறித்து அனுமதிக்கலாம்.

பின்னணியில் ஓயாது விழித்திருந்து பணிசெய்யும் இத்தகைய நிரல்களைக் கணினித்துறையினர் ‘டீமன்’ என்பர். 1963 இல் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே தொடங்கப்பட்ட ‘மாக்’ செயற்றிட்டத்தினர், பௌதிகவியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் கற்பித்த பூதத்தை நினைவிற்கொண்டு இப்பெயரை இட்டனர். தமிழர்க்கும் ஏவற்பேய் புதிதன்று. பேயை ஏவுபவன் முதலிற் கட்டுப்போட்டுவிட்டே வேலை சொல்வான் என்பதைக் கிராமத்துப் பாட்டியும் அறிவாள். கட்டின்றி ஏவிவிட்டு அதன் நற்குணத்தை நம்பியிருப்பவனை எவரும் கெட்டிக்காரன் என்பதில்லை.

அந்நம்பிக்கை பொய்த்தமைக்குச் சான்றுகள் உள. 1988 நவம்பர் 2 ஆந் திகதி, கோர்ணெல் பல்கலைக்கழகப் பட்டப்பின்படிப்பு மாணவர் றொபேட் ரப்பன் மொறிஸ் விடுத்த ‘புழு’ நிரல் அன்றைய இணையத்திற் பரவிற்று. அது நுழைந்த வழிகளுள் ஒன்று ‘பிங்கர்’ எனும் சேவை நிரல். ஒரு பயனரைப் பற்றிய சிறு விபரத்தைக் கேட்டவர்க்குச் சொல்வதன்றி அதற்கு வேறு வேலை இல்லை. வருவதன் நீளத்தை அளவிடாது, 512 பைற்று இடத்தினுள் அதனை வாங்கிக்கொண்டமையே அதன் வழு. விபரம் சொல்லும் ஒரு நிரலுக்குப் புதிய கட்டளைகளை இயக்கவும் அயற்கணினிக்குத் தாவவும் உரிமை வழங்கியவர் யார்? எவரும் வழங்கவில்லை, எவரும் மறுக்கவுமில்லை. மறுப்பதற்குரிய விதியே அங்கிருக்கவில்லை. 

இது பழங்கதை எனலாகாது. ‘பாஷ்’ எனும் கட்டளை நிரலில் 1989 முதல் மறைந்திருந்த வழு ஒன்று 2014 செத்தெம்பரிலேதான் பகிரங்கமாயிற்று. எவரும் வாசிக்கக்கூடிய மூலநிரலில் 25 வருடங்களாக அது கண்ணுக்குப் படாது கிடந்தது. வலைச் சேவைகள் ஊடாக அயலார் தம் கட்டளைகளை இயக்க அவ்வழு இடமளித்தது. கட்டாயக் கட்டுப்பாடு அவ்வழுவைத் திருத்தவில்லை. ஆனால் அது நடைமுறையிலிருந்த சேவையகங்களில், புகுத்தப்பட்ட கட்டளைகளும் வலைச் சேவைக்கு வகுத்த எல்லைக்குள்ளேயே இயங்க நேர்ந்தது. எங்கே வழு உளதென அறியாத நிலையிலும் அதன் தீங்கிற்கு வேலியிடலாம் என்பதே இதனாற் பெறப்படுவது.

இனி எதிர்வாதங்களை நோக்கலாம். முதலாவது, இக்கட்டுப்பாடு இராணுவத்தின் கருவில் உருவானது என்பதாகும். இதில் உண்மை உண்டு. 1973 இல் பெல், லாபடூலா ஆகியோர் வகுத்த மாதிரி அமெரிக்க விமானப்படைக்கென ஆக்கப்பட்டது. 1983 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்ட செம்மஞ்சள் அட்டை நூல் கட்டாயக் கட்டுப்பாட்டை வரைவிலக்கணப்படுத்திற்று. எஸ்.ஈ. லினக்ஸை 2000 டிசம்பரில் வெளியிட்டது அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகவரகமே; 2013 இல் எட்வேட் ஸ்னோடன் அம்பலப்படுத்தியதும் அதே முகவரகத்தைத்தான். எனவே ஐயம் நியாயமானது. ஆனால் ஐயம் முடிவாகிவிடாது. அதன் மூலநிரல் பகிரங்கமானது. 2003 இல் வெளியான 2.6 ஆம் பதிப்பு முதல் லினக்ஸ் கேர்னலின் பகுதியாகப் பலரது பார்வைக்கும் திருத்தத்துக்கும் உட்பட்டு வருவது. மேலும், பழைய முறை மறுத்ததை அது அனுமதிக்கும் வகையில் அமைக்கப்படவில்லை. பழைய முறை அனுமதித்ததை மறுப்பதே அதன் தொழில். இவ்வளவின் பின்னும் ஐயம் தீராதவர், 2010 இல் அதே கேர்னலிற் சேர்க்கப்பட்டதும் வேறு தோற்றுவாயினை உடையதுமான ‘அப்ஆமர்’ ஏற்பாட்டைக் கைக்கொள்ளலாம். இரண்டையும் விலக்கிவிட்டு வெறுமையைத் தெரிவு செய்தலை அரசியல் விழிப்புணர்வு என எவ்வாறு கூறுவது? இணையமே இராணுவப் பணத்தில் முளைத்ததன்றோ!

இரண்டாவது வாதம் சுதந்திரத்தின் பெயரால் எழுவது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடக்கிய றிச்சட் ஸ்ரோல்மன், றூட் கடவுச்சொல்லை அறிந்தோரிலும் குறித்த குழுவினர் மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம் எனும் கட்டுப்பாட்டைக் குனூவின் ‘எஸ்.யூ.’ நிரலில் ஏற்க மறுத்தார். அது சிலர் ஏனையோர்மீது முழு அதிகாரம் செலுத்தத் துணைபோகும் என்பதே அவர் கூறிய காரணம். மனிதரைக் கட்டும் விதிகளைப் பொறுத்தவரை இக்கருத்து மதிக்கத்தக்கது. ஆனால் இங்கு கட்டப்படுவது யார்? எஸ்.ஈ. லினக்ஸுடன் வழமையாக வரும் ‘இலக்குக் கொள்கை’, உள்நுழைந்து வேலைசெய்யும் மாணவனின் கையைப் பெரிதும் கட்டுவதில்லை. வலையமைப்பை நோக்கி வாயில் திறந்திருக்கும் சேவை நிரல்களையே அது கட்டுகின்றது. மாறாக, வரம்பற்ற ஒரு தலைமைப் பயனரையும் அவர் பெயரால் எதையும் செய்யவல்ல நிரல்களையும் உடைய பழைய முறைதான் எதேச்சாதிகாரத்துக்கு அண்மையது. அதிகாரத்தை ஆளின் நற்குணத்தில் விடுவதா, விதியின் எல்லையில் நிறுத்துவதா என்பது அரசறிவியல் பயில்வோர்க்குப் புதிய வினாவன்று. விதியை எழுதும் நிர்வாகியும் அதிகாரமுடையவரே என்பது மெய். ஆயினும் எழுதப்பட்ட விதியை வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம், திருத்தக் கோரலாம். எழுதப்படாத நம்பிக்கையை என்ன செய்வது?

மூன்றாவது வாதம், இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதாகும். 2004 இல் வெளியான பெடோரா கோர் 2 ஆம் பதிப்பில் முறைமை முழுவதையும் இறுக்கிப்பிடித்த கொள்கை பயனர்களை வருத்தியது உண்மை. அவ்வருடமே வந்த 3 ஆம் பதிப்பில் அது தெரிந்தெடுத்த சில சேவை நிரல்களுக்கென ஒடுக்கப்பட்டுவிட்டது. முறைப்பாடு மட்டும் இன்றும் 2004 இலேயே நிற்கின்றது. அன்ட்றொயிட் தொலைபேசிகளில் எஸ்.ஈ. லினக்ஸ் 2013 இல் நுழைந்து, 2014 இன் 5.0 ஆம் பதிப்பு முதல் முழுமையாக அமுலாக்கப்பட்டது. நடைமுறைக்கு ஒவ்வாதது என்று வாதிடுவோர் பலரின் சட்டைப்பையிலேயே அது நாள்முழுதும் இயங்கிக்கொண்டிருக்கின்றது.

உண்மையில் அவர்கள் சொல்லும் இடர்ப்பாடு எத்தகையது? மாணவர் ஒருவர் தம் வீட்டு அடைவில் ஆக்கிய பக்கத்தை ‘எம்.வி.’ கட்டளையால் வலைச் சேவையின் அடைவுக்கு நகர்த்துகின்றார். உடைமை சரியாகவே உள்ளது. 644 என்ற அனுமதியும் சரியே. எனினும் 403 என்ற மறுப்பு வருகின்றது. நகர்த்தப்பட்ட கோப்பு வீட்டு அடைவின் முத்திரையையே சுமந்து வந்தமைதான் காரணம். ‘றெஸ்ரோர்கொன்’ என்ற ஒரு கட்டளை உரிய முத்திரையை மீட்டுத்தரும். சேவையை வழமைக்கு மாறான வாயில் இலக்கத்தில் இயக்க வேண்டின் ‘செமனேஜ்’ கட்டளையால் அவ்விலக்கத்தைப் பதிந்தாற் போதும். காரணம் புலப்படும்வரை அந்த ஒரு சேவை நிரலை மட்டும் மறுப்பின்றிப் பதிவுசெய்யும் நிலையில் விடவும் வழியுண்டு. ‘செற்என்போஸ் 0’ மறுதொடக்கத்துடன் நீங்கிவிடும் ஆதலின், பலர் அமைவுக் கோப்பிலேயே நிரந்தரமாக நிறுத்திவிடுகின்றனர். அக்காலத்தில் உருவாகும் கோப்புகள் முத்திரையின்றியே பிறக்கின்றன. பின்னர் மீளத் தொடங்க விரும்பின் கோப்புகள் முழுவதற்கும் மீண்டும் முத்திரையிடல் வேண்டும். ஐந்து நிமிட ஆராய்ச்சிக்கு அஞ்சியவர் அத்தொல்லையை ஏற்பாரோ?

நிறுத்துவோரை மட்டும் சாடுதல் நேர்மையாகாது. இக்கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டே அதனைச் சாகடிப்போரும் உளர். பதிவேட்டில் வரும் மறுப்புகள் அனைத்தையும் ‘ஓடிற் ரு அலவ்’ எனும் கருவியிற் கொட்டி, அது ஆக்கித்தரும் விதிகளை வாசியாமலே ஏற்றுவது அவர்தம் வழக்கம். மறுக்கப்பட்டதையெல்லாம் அனுமதிப்பதாயின் மறுப்பு எதற்கு? நீதவான் கையொப்பமிடும் இயந்திரமாக மாறியபின் நீதிமன்றம் திறந்திருந்தென்ன, மூடியிருந்தென்ன? கோப்புகளின் அனுமதியை 777 எனத் திறந்துவிடும் மனப்பாங்கின் மறுபிறப்பே இது.

கட்டாயக் கட்டுப்பாடு சர்வரோக நிவாரணியன்று என்பதையும் கூறவேண்டும். 2014 ஏப்பிரலில் வெளிப்பட்ட ‘ஹாட்பிளீட்’ வழு, சேவை நிரலின் சொந்த நினைவகத்திலிருந்தே இரகசியங்களைக் கசியவிட்டது. அதனை இவ்வேலி தடுத்திராது. தரவுத்தளத்தை அணுக உரிமை பெற்ற நிரல் அவ்வுரிமையாலேயே ஏமாற்றப்படுமாயின் அதற்கும் இது மருந்தாகாது. ஆனால் பூட்டு நெருப்பை அணைக்காது என்பதற்காகக் கதவைத் திறந்துவைத்து உறங்குவாரில்லை.

ஒரு சேவை நிரலுக்கு எல்லை வகுப்பவர், அது எதை வாசிக்கின்றது, எங்கே எழுதுகின்றது, யாருடன் பேசுகின்றது என்பவற்றை அறிந்தாக வேண்டும். அவ்வறிவே சேவையகத்தை ஆளும் தகுதி. அதனைப் பெற மறுப்பதற்கு ‘அனுபவம்’ என்று பெயரிட்டு இளையோர்க்குக் கையளிப்பது பல்கலைக்கழகத்துக்கு அழகன்று. கணினிப் பீடங்களின் செய்முறை வகுப்புகளிலே, மறுப்புப் பதிவேட்டை வாசித்துக் காரணங் காணும் பயிற்சி முதலாம் வருடத்திலேயே இடம்பெறுதல் வேண்டும். ஏனைய பீடத்து மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. தம் தரவுகளை வைத்திருக்கும் சேவையகத்தில் இக்கட்டுப்பாடு அமுலில் உள்ளதா என்று மாணவர் அவைகள் நிர்வாகத்திடம் எழுத்திற் கேட்டல் வேண்டும். உண்டு அல்லது இல்லை என்ற ஒரு சொல்லில் விடை கூறத்தக்க வினா அது. முறைப்பாடு எழுதிக் கையொப்பமிட்ட அம்முதலாம் வருட மாணவிக்கு அவ்விடையை அறியும் உரிமை உண்டு.