எண்ணிக்கைக்கு விலை, சேவைக்கு?

பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் 2025 ஜனவரி 7-ஆம் தேதி தொடங்கிய ஆஷா சுகாதாரப் பணியாளர்களின் போராட்டம் நான்காம் நாளில் முடிவுக்கு வந்தது. மாதம் ரூ.15 ஆயிரம் நிலையான ஊதியம் வேண்டும் என்பது கோரிக்கை. குறைந்தது ரூ.10 ஆயிரம் கிடைக்க வழி செய்யப்படும் என்று முதல்வர் சித்தராமையா உறுதியளித்தார். அது நிறைவேறவில்லை என்று கூறி ஆகஸ்டில் அவர்கள் மீண்டும் வீதிக்கு வந்தனர்.

இதைத் தொகை பற்றிய பூசலாக மட்டும் பார்ப்பது தவறு. கேள்விக்குரியது ஊதியம் வழங்கும் முறையே.

2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தைத் தொடங்கியபோது மத்திய அரசு ஆஷாக்களை ஊழியர்களாக ஏற்கவில்லை; 'தன்னார்வலர்கள்' என்றது. ஆகவே சம்பளம் இல்லை, முடித்த பணிக்கு ஊக்கத்தொகை மட்டுமே. கிராமப்புறத்தில் கர்ப்பிணிக்குப் பேறுகாலப் பரிசோதனைகளை உறுதி செய்தால் ரூ.300; மருத்துவமனைப் பிரசவத்துக்கு அழைத்துச் சென்றால் மேலும் ரூ.300.

இதனால் பயனே இல்லை என்று கூற முடியாது. தேசிய குடும்பநல ஆய்வின்படி, 2005-06-இல் 39 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2019-21-இல் 89 சதவீதமாயின. ஆஷாக்களின் உழைப்புக்கும் அதில் பங்குண்டு.

ஆனால், எண்ணக்கூடியதற்கு மட்டுமே விலை வைத்தால், எண்ண முடியாத பணி மதிப்பிழக்கும். தடுப்பூசிக்கு அஞ்சும் குடும்பத்தைப் பலமுறை சந்தித்துப் பேசுவதும், நள்ளிரவில் வலி கண்ட பெண்ணுக்குத் துணையிருப்பதும் எந்தப் பட்டியலில் சேரும்? செய்த பணியும் இணையதளத்தில் பதிவாகாவிட்டால் பணம் வருவதில்லை என்பது கர்நாடக ஆஷாக்களின் நெடுநாள் புகார்.

இலக்கு எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதை நாடு முன்பே கண்டிருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. ஆள் சேர்க்கும் பொறுப்பு ஆசிரியர்கள் மீதும் சுமத்தப்பட்டது. எண்ணிக்கை உயர்ந்தது; சுகாதாரத் துறை மீதான நம்பிக்கை சரிந்தது. கருத்தடை இலக்குகளைக் கைவிட மத்திய அரசுக்கு 1996 வரை ஆயிற்று.

தமிழகத்தில் கிராம சுகாதார செவிலியர்கள் மாதச் சம்பளம் பெறும் அரசு ஊழியர்கள். நிலையான ஊதியம் தந்தால் வேலை நடக்காது என்ற வாதத்துக்கு அவர்களின் பணியே பதில்.

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் அளிக்க வேண்டும் என 2013-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2025-இல் வழக்கமான பணிகளுக்கான மாத ஊக்கத்தொகையை ரூ.2 ஆயிரத்திலிருந்து ரூ.3,500 ஆக உயர்த்திய மத்திய அரசு, பெயரை மட்டும் மாற்றவில்லை. அது இன்னும் ஊக்கத்தொகையே, ஊதியம் அல்ல.

வாழ்வதற்கு ஊதியம், கூடுதல் உழைப்புக்கு ஊக்கத்தொகை என்பதே முறை. ஊக்கத்தொகையையே வாழ்வாதாரமாக்கினால் பணியாளரின் கண் நோயாளியை விட்டுப் பதிவேட்டுக்குத் திரும்பும். அதற்கான பழியை அவர் மீது சுமத்துவது நியாயமாகாது.